ஆலோசனையும் சம்மதமும்

ஒரு நாடு மற்றொரு நாட்டுக்கு வாக்குக் கொடுக்கும்போது, அவ்வாக்கைக் கொடுக்க உரிமையுடையவர் யார் என்ற வினா முடியாட்சிக் காலத்தில் பெரிதாக எழவில்லை. மன்னனின் சொல்லே நாட்டின் சொல்லாக இருந்தது. வள்ளுவர் தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அங்கே தூது செல்வோன் தன் வேந்தனுக்கே கடமைப்பட்டவனாகக் காட்சியளிக்கிறான். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரித்தானியாவிலும் போர் தொடுப்பது, சமாதானம் செய்வது, உடன்படிக்கை எழுதுவது ஆகிய மூன்றும் முடிக்குரிய தனியுரிமைகளாகவே இருந்தன. பணம் வேண்டியபோதோ, நாட்டின் சட்டம் மாறவேண்டியபோதோ மாத்திரமே பாராளுமன்றத்தின் துணை தேவைப்பட்டது.

சட்டம் ஆக்குவோர் ஒருவர், அதனை நிறைவேற்றுவோர் ஒருவர், வழக்கைத் தீர்ப்போர் ஒருவர் என அரசின் அதிகாரம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோதுதான் இவ்வினா தலைதூக்கியது. உடன்படிக்கை எந்தப் பிரிவைச் சேர்ந்தது? குடிமக்களைக் கட்டுப்படுத்துவதால் அது சட்டத்தை ஒத்தது. அயல்நாட்டாருடன் மறைவாகவும் விரைவாகவும் பேசி முடிக்கவேண்டியிருப்பதால் அது நிர்வாகச் செயலை ஒத்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியல் யாப்பு இதற்கு ஒரே வாக்கியத்தில் விடை கூற முயன்றது. செனற் சபையின் ஆலோசனையையும் சம்மதத்தையும் பெற்று ஜனாதிபதி உடன்படிக்கை செய்யலாம். ஆனால், சமுகமளித்த செனற்றர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அதற்கு இணங்கவேண்டும் என்பதே அவ்விடையின் சாரம். ஆலோசனை, சம்மதம் என்ற இவ்விரு சொற்களுள் முன்னது, யாப்பு நடைமுறைக்கு வந்த முதல் ஆண்டிலேயே தளர்ந்துவிட்டது. பின்னது மட்டும் தனித்து நின்றது. அதனால் விளைந்தவற்றை ஆராயும்போது, அதிகாரத்தைப் பங்கிடுவது எளிது, பங்கிட்ட அதிகாரத்தை ஒருங்கே செலுத்துவதே அரிது என்ற உண்மை புலப்படுகின்றது.

இந்த ஏற்பாடு வெறும் ஏட்டறிவிலிருந்து பிறந்ததன்று. பட்ட துன்பத்திலிருந்து பிறந்தது. 1781ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த கூட்டிணைப்பு விதிகளின்படி, பதின்மூன்று இராச்சியங்களுக்கும் பொதுவாக ஒரேயொரு பேரவை இருந்தது. ஜனாதிபதி என்றோ, தேசிய நீதித்துறை என்றோ தனித்த அமைப்புகள் இல்லை. ஒன்பது இராச்சியங்கள் உடன்பட்டால் பேரவை உடன்படிக்கை செய்யலாம். 1783ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிரித்தானியாவுடன் சமாதானம் ஏற்பட்டபோது, பழைய கடன்களைத் திரும்பப் பெறுவதில் பிரித்தானிய வணிகருக்குச் சட்டத்தடை எதுவும் இராது என்று வாக்களிக்கப்பட்டது. ஆனால், வாக்களித்தது பேரவை. அதனைக் காப்பாற்றவேண்டியவை இராச்சியங்கள். அவற்றுட் சில, கடன்காரருக்குச் சாதகமான தடைச்சட்டங்களை விட்டுக்கொடுக்க மறுத்தன. அதனைக் காரணங்காட்டிப் பிரித்தானியா, தான் கைவிட ஒப்புக்கொண்ட வடமேற்குக் கோட்டைகளைவிட்டு அகல மறுத்தது. கொடுத்த சொல்லைக் காப்பாற்ற வலியில்லாத நாட்டுக்கு உடன்படிக்கை வெறும் தாளே என்பதை அமெரிக்கர் அப்போது உணர்ந்தனர்.

அடுத்த பாடம் ஸ்பெயினிடமிருந்து வந்தது. 1784ஆம் ஆண்டு ஸ்பெயின், மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியை அமெரிக்கக் கலங்களுக்கு மூடியது. பேரவையின் வெளிநாட்டலுவற் செயலாளராக இருந்த ஜோன் ஜே, ஸ்பெயினின் தூதர் கார்டோக்கியுடன் பேச்சு நடத்தினார். வணிகச் சலுகைகளுக்கு ஈடாக, ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்துக்கு அந்த ஆற்றுரிமையை வற்புறுத்தாமல் விடலாம் என்பது 1786இல் அவர் முன்வைத்த யோசனை. கப்பல் வாணிபத்தால் வாழ்ந்த வடபகுதி இராச்சியங்கள் ஏழு இதனை வரவேற்றன. மேற்கு நிலங்களில் எதிர்காலத்தைக் கண்ட தென்பகுதி இராச்சியங்கள் ஐந்தும் எதிர்த்தன. ஒன்பது வாக்கு இல்லாமையால் முயற்சி முடங்கியது. ஒரு பகுதியின் நலனுக்காக மற்றொரு பகுதியின் உயிர்நாடியை விற்றுவிடக்கூடும் என்ற அச்சம் தென்பகுதியார் நெஞ்சில் ஆழப் பதிந்தது. மூன்றில் இரண்டு பங்கு என்ற கடுமையான விதியின் வேர் இந்த அச்சத்திலேதான் இருக்கின்றது.

1787ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் கூடிய யாப்பு மாநாடு, உடன்படிக்கை செய்யும் அதிகாரத்தை முதலில் செனற் சபையிடமே ஒப்படைக்க எண்ணியது. ஆகஸ்ட் மாதத்து வரைவில் ஜனாதிபதிக்கு இதில் பங்கே இல்லை. செப்டெம்பர் தொடக்கத்திலேதான், ஒத்திவைக்கப்பட்ட விடயங்களை ஆராய்ந்த குழு, ஜனாதிபதியை முன்னிறுத்திச் செனற் சபையை அவருக்குத் துணையாக்கியது. பிரதிநிதிகள் சபையையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன் பிரேரித்தார். உடன்படிக்கைக்குச் சட்டத்தின் வலு உண்டெனில், சட்டத்துக்கு வேண்டிய சம்மதம் அதற்கும் வேண்டாமோ என்பது அவர் வாதம். இரகசியம் கெடும் என்ற காரணம் எதிரே வைக்கப்பட்டது. பத்து இராச்சியங்கள் எதிர்க்க, அவருடைய இராச்சியம் ஒன்றே ஆதரிக்க, அப்பிரேரணை தோற்றது. அதே வேளையில், உடன்படிக்கைகள் நாட்டின் அதியுயர் சட்டத்துள் அடங்கும், இராச்சியங்களின் நீதிபதிகளும் அவற்றுக்குக் கட்டுப்பட்டவர் என்ற விதியும் யாப்பில் இடம்பெற்றது. 1783ஆம் ஆண்டின் நோய்க்கு அது மருந்து. அந்த மருந்து வேலை செய்ததென்பதை 1796இல் உயர் நீதிமன்றம் காட்டியது: பிரித்தானியரின் கடனைத் தடுத்த வர்ஜீனியாவின் சட்டம், சமாதான உடன்படிக்கையின் முன் நில்லாது என அது தீர்ப்பளித்தது.

யாப்பை ஆதரித்து எழுதிய அலெக்சாண்டர் ஹமில்டன், உடன்படிக்கை அதிகாரம் முற்றாகச் சட்டவாக்கத்தையும் சேராது, முற்றாக நிர்வாகத்தையும் சேராது என விளக்கினார். நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தம் ஆண்டான் குடிகளுக்கு இடும் கட்டளை அன்று, ஆதலின் இரு துறையும் கூடியே அதைச் செய்யவேண்டும் என்பது அவர் கருத்து. அன்று செனற் சபையில் இருக்கக்கூடியவர் மொத்தம் இருபத்தாறு பேரே. அத்துணைச் சிறிய சபை, ஜனாதிபதியுடன் அமர்ந்து பேசும் ஆலோசனைக் குழுவாக விளங்கும் எனப் பலர் எதிர்பார்த்தனர்.

அந்த எதிர்பார்ப்பு 1789ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் திகதி, ஒரு சனிக்கிழமையன்று, சோதனைக்கு உள்ளானது. தென்பகுதியில் வாழ்ந்த கிரீக் முதலிய பழங்குடி மக்களோடு உடன்படிக்கை பேசவேண்டியிருந்தது. தூதுக்குழுவுக்கு வழங்கவேண்டிய அறிவுறுத்தல்களைப்பற்றிச் செனற் சபையின் ஆலோசனையைப் பெறுவதற்காக ஜோர்ஜ் வாஷிங்டன், யுத்தச் செயலாளர் ஹென்றி நொக்ஸ் உடன்வர, நியூயோர்க் நகரில் இருந்த அச்சபைக்கு நேரிலே சென்றார். உபஜனாதிபதி ஜோன் அடம்ஸ் பத்திரத்தை வாசித்தார். தெருவில் ஓடிய வண்டிகளின் இரைச்சலில் வாசிப்பது காதில் விழவில்லை, சாளரங்களை மூடவேண்டியதாயிற்று. ஏழு வினாக்கள் ஒவ்வொன்றாக முன்வைக்கப்பட்டு, ஆம் அல்லது இல்லை என்ற விடை கேட்கப்பட்டது. பென்சில்வேனியாவின் செனற்றர் வில்லியம் மக்ளே எழுந்து, தொடர்புடைய பத்திரங்களை வாசிக்கவேண்டுமெனக் கேட்டார். விடயத்தை ஒரு குழுவிடம் ஒப்படைக்கவேண்டும் என்ற பிரேரணையும் வந்தது. தாம் வந்த நோக்கமே இதனால் பாழாகின்றது என வாஷிங்டன் சினந்துகொண்டதை மக்ளே தமது நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார்.

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஜனாதிபதிக்கு உடனடி விடை தேவைப்பட்டது. முன்பின் அறியாத ஒரு விடயத்தில், தேசபிதாவாகப் போற்றப்பட்டவர் எதிரே அமர்ந்திருக்க, உடனே தலையசைப்பது ஆலோசனை ஆகாது எனச் செனற்றர்கள் கருதினர். திங்கட்கிழமை மீண்டும் வந்து வாஷிங்டன் அந்த அலுவலை முடித்துக்கொண்டார். ஆயின், உடன்படிக்கை பற்றி ஆலோசிப்பதற்காக அதன்பின் அவர் அச்சபைக்குள் அடியெடுத்து வைக்கவில்லை. அவருக்குப் பின்வந்தோரும் அம்முறையைத் தொடரவில்லை. முதலிற் பேசி முடிப்பது, பின்னர் சம்மதம் கேட்பது என்ற வழக்கம் இவ்வாறு வேர்கொண்டது. யாப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால், யாப்பின் பொருள் மாறிவிட்டது.

அந்தப் புதிய வழக்கத்தின் முதற் பெருஞ்சோதனை ஜே உடன்படிக்கை. 1794ஆம் ஆண்டு பிரித்தானியாவுடன் போர் மூளும் நிலை தோன்றியது. அப்பொழுது பிரதம நீதியரசராக விளங்கிய ஜோன் ஜேயையே வாஷிங்டன் தூதராக இலண்டனுக்கு அனுப்பினார். அவருடைய நியமனத்துக்குச் செனற் சபையின் சம்மதம் பெறப்பட்டது. அவருக்குக் கொடுத்த அறிவுறுத்தல்களோ சபைக்குக் காட்டப்படவில்லை. அவ்வாண்டு நவம்பர் 19ஆம் திகதி கைச்சாத்தான உடன்படிக்கை, கோட்டைகளை மீட்டுத் தந்தது. ஆனால், மேற்கிந்தியத் தீவுகளின் வாணிபத்தை எழுபது தொன்னுக்கு மேற்படாத சிறு கலங்களுக்கு மட்டுமே திறந்துவிட்டது. 1795ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் திகதி செனற் சபை, அந்தப் பன்னிரண்டாம் பிரிவை நிறுத்திவைக்கவேண்டும் என்ற நிபந்தனையுடன், இருபதுக்குப் பத்து என்ற வாக்கில் இணங்கியது. ஒரு வாக்குக் குறைந்திருப்பினும் உடன்படிக்கை வீழ்ந்திருக்கும். முன்னே ஆலோசனை கூற இடம்பெறாத சபை, பின்னே வாசகத்தைத் திருத்தும் வழியைக் கண்டுகொண்டது. செய்தி வெளியானபோது, மக்கள் ஊர்தோறும் ஜேயின் கொடும்பாவியைக் கொளுத்தினர்.

பிரதிநிதிகள் சபை இத்துடன் அமைதியடையவில்லை. உடன்படிக்கையை நிறைவேற்ற ஏறக்குறைய 90,000 டொலர் வேண்டும். பணத்தின் திறவுகோலோ அச்சபையின் கையில் இருந்தது. பேச்சுவார்த்தைப் பத்திரங்களைத் தருமாறு 1796ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் திகதி 62க்கு 37 என்ற வாக்கில் அது ஜனாதிபதியைக் கேட்டது. வாஷிங்டன் மறுத்தார். மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் அவரே. உடன்படிக்கை அதிகாரத்தில் பிரதிநிதிகள் சபைக்குப் பங்கு தருவதில்லை என அம்மாநாடு முடிவு செய்ததை அவர் சுட்டிக்காட்டினார். அதே மாநாட்டில் முன்னின்று உழைத்த ஜேம்ஸ் மடிசன் இப்பொழுது எதிரணியில் நின்றார். யாப்பின் பொருளை அதை வரைந்தவரிடம் தேடலாகாது, அதனை ஏற்று உயிர்கொடுத்த இராச்சிய மாநாடுகளிடமே தேடவேண்டும் என்று அவர் விடையிறுத்தார். யாப்பை ஆக்கிய இருவரே அதன் பொருள் பற்றி முரண்பட்டு நின்றனர்.

இறுதியில், ஏப்ரல் 30ஆம் திகதி, 51க்கு 48 என்ற வாக்கில் பணம் ஒதுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே கோட்டைகள் அமெரிக்கர் கைக்கு வந்தன. சட்ட வினா அன்று தீரவில்லை. உடன்படிக்கை செய்வதில் எமக்குப் பங்கில்லை. ஆனால், அதனை நிறைவேற்ற எமது சட்டம் வேண்டுமெனில் ஆராய்ந்து முடிவுசெய்யும் உரிமை எமக்கு உண்டு என்று அச்சபை ஒரு தீர்மானத்தையும் பதிவு செய்து வைத்தது. வாசலில் தடுக்கப்பட்டவர்கள் களஞ்சியத்தின் சாவியைத் தம்மிடம் வைத்துக்கொண்டனர் எனலாம்.

மூன்றில் இரண்டு பங்கு என்ற மதில் உயரமானதாகையால், அதனைச் சுற்றிச் செல்லும் பாதைகளும் காலப்போக்கிற் தோன்றின. 1844இல் டெக்சாசை இணைக்கும் உடன்படிக்கை செனற் சபையில் 16க்கு 35 எனத் தோற்றது. மறு ஆண்டு, இரு சபைகளின் கூட்டுத் தீர்மானம் என்ற வழியால், சாதாரணப் பெரும்பான்மையைக்கொண்டே அதே காரியம் முடிக்கப்பட்டது.

வேறு சில ஜனாதிபதிகள் சுற்றுவழியை நாடாமல் செனற் சபையையே தம்மோடு அழைத்துச் சென்றனர். 1898இல் ஸ்பெயினுடன் சமாதானம் பேச மக்கின்லி பாரிசுக்கு அனுப்பிய தூதுக்குழுவின் ஐவரில் மூவர் செனற்றர்கள். அவருள் ஒருவர் எதிர்க்கட்சியினர். மறு ஆண்டு பெப்ரவரியில் அவ்வுடன்படிக்கை 57க்கு 27 என்ற வாக்கில், வேண்டியதற்கு ஒன்று மேலாகப் பெற்று, நிறைவேறியது.

இருபது ஆண்டு கழித்து உட்ரோ வில்சன் வேறு வழியிற் சென்றார். அவர் அரசியல் நூற் புலமை மிக்கவர். பேச்சுவார்த்தையைத் தொடங்கி நடத்தும் ஜனாதிபதி, செனற் சபை மறுக்கவியலாத நிலைக்கு நாட்டைக் கொண்டுசென்று நிறுத்தவல்லவர் என்று 1908இல் வெளியான நூலொன்றில் எழுதியிருந்தார். முதலாம் உலகப்போர் முடிந்ததும் பாரிஸ் மாநாட்டுக்கு அவர் நேரிலே சென்றார். செனற்றர் ஒருவரையேனும் தூதுக்குழுவிற் சேர்க்கவில்லை. 1918ஆம் ஆண்டுத் தேர்தலில் செனற் சபை எதிர்க்கட்சியின் வசமாகியிருந்தது. 1919ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்திலேயே, சர்வதேச சங்கத்தின் திட்டத்தை அப்போதிருந்த வடிவில் ஏற்கவியலாதென மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட செனற்றர்கள் கையொப்பமிட்டு அறிவித்தனர். அந்த எச்சரிக்கை பாரிஸில் அவர் கையை வலுப்படுத்தவும் பயன்பட்டிருக்கலாம். அவர் அதனைத் தடையாகவே கண்டார்.

1919ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் திகதி வெர்சாய் அரண்மனையில் கைச்சாத்தான உடன்படிக்கையை, ஜூலை 10ஆம் திகதி வில்சன் தாமே செனற் சபைக்குக் கொண்டுவந்தார். வெளிநாட்டலுவற் குழுவின் தலைவரான ஹென்றி கபொட் லொட்ஜ் பதினான்கு நிபந்தனைகளை முன்வைத்தார். சங்கத்து நாடொன்று தாக்கப்படின் ஏனையவை துணைநிற்கவேண்டும் என்ற பத்தாம் பிரிவே பிணக்கின் மையம். போருக்குச் செல்லும் முடிவு அமெரிக்கப் பேரவைக்கு உரியது; அதனை உடன்படிக்கை ஒன்றின்மூலம் முன்கூட்டியே விட்டுக்கொடுக்கலாகாது என்பது லொட்ஜின் வாதம். சங்கத்தின் உயிரே அப்பிரிவுதான் என்பது வில்சனின் நிலை. மக்களிடம் முறையிட அவர் நாடெங்கும் பயணஞ் செய்தார். உடல்நலம் குன்றித் திரும்பியவரை ஒக்டோபர் தொடக்கத்தில் பாரிசவாதம் வீழ்த்தியது. படுக்கையில் கிடந்தும் அவர் லொட்ஜின் நிபந்தனைகளுக்கு இணங்கவில்லை; தம் கட்சியினரையும் இணங்கவிடவில்லை.

நவம்பர் 19ஆம் திகதி, நிபந்தனைகளோடும் அவை இன்றியும் வாக்கெடுக்கப்பட்டு, இரு முறையும் உடன்படிக்கை தோற்றது. 1920ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் திகதி, நிபந்தனைகளுடன் இறுதியாக வாக்கெடுத்தபோது, ஆதரித்தோர் 49 பேர், எதிர்த்தோர் 35 பேர். 1899இல் வாக்களித்தோரும் 84 பேர். 1920இல் வாக்களித்தோரும் 84 பேர். முன்னதில் ஒரு வாக்கு மிஞ்சியது. பின்னதில் ஏழு வாக்குக் குறைந்தது. பெரும்பான்மையோர் விரும்பியும் உடன்படிக்கை மாண்டது. அதனைத் தோற்கடித்தவருள் நிபந்தனைகளை வெறுத்த வில்சனின் ஆதரவாளரும் இருந்தனர். தன் ஜனாதிபதி முன்னின்று உருவாக்கிய சர்வதேச சங்கத்தில் அமெரிக்கா ஒருபோதும் உறுப்பு நாடாகவில்லை. ஜேர்மனியுடனான போர்நிலை முடிவுக்கு வந்ததும் 1921இல், பேரவையின் கூட்டுத் தீர்மானம் ஒன்றினாலேதான்.

அப்பாடத்தை அடுத்த தலைமுறை மறக்கவில்லை. இரண்டாம் உலகப்போரின் நடுவே, 1943ஆம் ஆண்டு நவம்பரில், உலக அமைதிக்கான அமைப்பொன்றில் அமெரிக்கா சேரவேண்டும் என்ற தீர்மானத்தைச் செனற் சபையே 85க்கு 5 என்ற வாக்கில் நிறைவேற்றியது. இது முன்கூட்டிய ஆலோசனை. 1945இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுக்குச் சென்ற தூதுக்குழுவில், ஆளுங்கட்சியின் டொம் கொனலியும் எதிர்க்கட்சியின் ஆர்தர் வண்டன்பேர்க்கும் அமர்ந்தனர். இருவரும் செனற்றர்கள், சாசனத்தின் வாசகம் உருவாகும்போதே உடனிருந்தவர்கள். அவ்வாண்டு ஜூலை 28ஆம் திகதி ஐக்கிய நாடுகள் சாசனம் 89க்கு 2 என்ற வாக்கில் சம்மதம் பெற்றது. யாப்பின் வாசகம் 1920இல் இருந்தபடியேதான் 1945இலும் இருந்தது. காலமும் மாறியிருந்தது, மக்கள் மனமும் மாறியிருந்தது என்பது மெய்யே. ஆயினும், 1789ஆம் ஆண்டு இரைச்சல் மிகுந்த அந்த மண்டபத்தில் கைவிடப்பட்ட முதற் சொல், வேறொரு வடிவில் மீண்டும் உயிர்பெற்றதும் மெய்யே.

எனினும், அந்தச் சீரிய முறையே பின்னர் நிலைத்துவிட்டது என எண்ணுவது பிழை. உடன்படிக்கை என்ற பெயரையே தவிர்த்து, ஜனாதிபதி தம் அதிகாரத்தைக்கொண்டு செய்யும் நிர்வாக உடன்பாடுகள் இருபதாம் நூற்றாண்டில் பெருகின. 1940ஆம் ஆண்டு செப்டெம்பரில் பிராங்கிளின் ரூஸ்வெல்ற், ஐம்பது பழைய நாசகாரிக் கப்பல்களைப் பிரித்தானியாவுக்குக் கொடுத்து, தளங்களை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றார். அதற்குச் செனற் சபையின் சம்மதம் கேட்கப்படவில்லை. இத்தகைய அதிகாரத்தைக் கட்டுப்படுத்த யாப்பையே திருத்த முயன்ற செனற்றர் பிறிக்கரின் இயக்கம், 1954ஆம் ஆண்டு பெப்ரவரியில், மாற்று வாசகம் ஒன்றின்மீது நடந்த வாக்கெடுப்பில் 60க்கு 31 என, ஒரே வாக்கினால் தோற்றது. 1972இல் இயற்றப்பட்ட சட்டம், இத்தகைய உடன்பாடுகளை 60 நாட்களுள் பேரவைக்கு அறிவிக்குமாறு மாத்திரம் பணித்தது.

செய்வது பற்றி இத்தனை கூறிய யாப்பு, செய்த உடன்படிக்கையை முறிப்பவர் யார் என்பது பற்றி ஒன்றும் கூறவில்லை. தாய்வானுடன் இருந்த பாதுகாப்பு உடன்படிக்கையை ஜனாதிபதி கார்ட்டர் முடிவுறுத்தியபோது, செனற்றர் பாரி கோல்ட்வாட்டரும் வேறு சிலரும் வழக்குத் தொடுத்தனர். 1979ஆம் ஆண்டு டிசெம்பரில் உயர் நீதிமன்றம், பிணக்கின் உட்பொருளுக்குட் புகாமலே அவ்வழக்கைத் தள்ளியது. மூன்றாவது துறையாகிய நீதித்துறை, ஏனைய இரண்டுக்கும் இடையே எல்லைக்கோடு கிழிக்க முன்வரவில்லை.

இவ்வரலாறு முழுவதையும் நோக்குமிடத்து, உடன்படிக்கை அதிகாரத்தைப் பங்கிட்டதே தவறு என்று சிலர் முடிவு செய்யலாம். அவ்வாறாயின், மிசிசிப்பி ஆற்றை நம்பி வாழ்ந்தோரின் அச்சத்தை மறந்தவராவோம். ஒருவர் கையொப்பத்தால் பல்லாயிரவர் வாழ்வு மாறக்கூடிய இடத்தில், மற்றொரு கை குறுக்கே நிற்பது வேண்டியதே. ஆனால், அந்தக் கை இறுதிக் கணத்தில் தடுப்பதற்காக மட்டும் நீளுமாயின், தடை ஒன்றே அதன் தொழிலாகும். தொடக்கத்திலேயே கலந்துகொள்ளப்பட்ட சபை, 1945இல் தன்னுடைய ஆக்கமெனச் சாசனத்தைத் தாங்கி நின்றது. 1919இல் முடிந்த காரியத்தைக் கண்ட சபையோ, அதனை அயலார் பொருளெனத் தள்ளியது. பிலடெல்பியாவில் யாப்பை வரைந்தோர் ஆலோசனையை முன்னும் சம்மதத்தைப் பின்னும் எழுதினர். அந்த வரிசையைக் காத்தபோதெல்லாம் நாடு கொடுத்த சொல் உறுதியாக நின்றது.